பழைய ரெட்மி நோட் 4-ல் கஸ்டம் ரோம்: போடலாமா, எப்படிப் போடுவது?

கேள்வி சுருக்கமாக இது. வீட்டில் ஒரு ரெட்மி நோட் 4 சும்மா கிடக்கிறது, 3 ஜிபி ரேம், 32 ஜிபி. ஆண்ட்ராய்டு 7-க்கு மேல் அப்டேட் வரவில்லை. கஸ்டம் ரோம் (கம்பெனி தராத, தன்னார்வலர்கள் கட்டித் தரும் ஆண்ட்ராய்டு) போட்டு அம்மாவுக்குக் கொடுக்கலாமா? போன் ஒரேயடியாகச் செத்துப்போகுமா? கூகுள் பே ஓடுமா? தெருமுனைக் கடைக்காரர் செய்து தருகிறேன் என்கிறாரே, அவரிடமே கொடுத்துவிடலாமா?

போடலாம். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான பழைய போன் கிடைப்பது கஷ்டம். ஆனால் அம்மா தினமும் கூகுள் பேயும் வங்கி ஆப்பும் பயன்படுத்துகிறவர் என்றால் இதை அவருடைய ஒரே போனாக ஆக்கிவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். போன் செத்துப்போவதைப் பொறுத்தவரை, ரோம் ஏற்றும் வேலை மொத்தமே பத்து நிமிடம். கெடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்துக்கொள்ளாமல் தொடங்கியிருப்பார்கள். அதனால் இந்தப் பதிலில் போவதைவிடத் திரும்பி வருவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில், ஏன் போட வேண்டும்? 2017 ஜனவரியில் இந்தியாவில் வந்த போன் இது. ஆண்ட்ராய்டு 6 மார்ஷ்மெல்லோவோடு வந்து 7.0 நூகட்டோடு நின்றுவிட்டது. ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மி ஆண்ட்ராய்டின் மேல் போர்த்தும் மியுஐ மட்டும் 11 வரை ஏறியதால் பார்க்கப் புதிதாகத் தெரியும். அடியில் இருப்பது 2016-ன் ஆண்ட்ராய்டு. குரோம் உலாவி 119-ஆம் பதிப்போடு நூகட்டைக் கைவிட்டுவிட்டது. வெளியே தெரியாத தொல்லை ஒன்றும் உண்டு. இணையதளங்களில் பெரும் பங்கு, தாம் அசல் தளம்தான் என்று காட்ட, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழை வைத்திருக்கின்றன. அதைச் சரிபார்க்கப் போனில் இருக்க வேண்டிய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டுக்குள் வந்தது 7.1.1-ல். உங்கள் போன் 7.0; மயிரிழையில் தப்பவிட்டது. பழைய போன்களுக்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. ஆகவே சில ஆப்களும் தளங்களும் காரணமே சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், நாம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்போம். அதே தளம் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் திறந்தால் பெரும்பாலும் சான்றிதழ்தான் பிரச்சினை. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது.

உள்ளே இருக்கும் வன்பொருள் இன்னும் மோசமில்லை. ஸ்னாப்டிராகன் 625, 14 நானோமீட்டர் சில்லு, சூடாகாது, பேட்டரியை உறிஞ்சாது. கால், வாட்ஸ்அப், யூடியூப், பாட்டு, ரயில் நேரம் பார்ப்பது, இதற்கெல்லாம் தாராளம். தலையில் இன்ஃப்ராரெட் இருக்கிறது, டிவி ரிமோட்டாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இனி, ரோம் மாற்றினாலும் மாறாதவை. முதலாவது பேட்டரி. இத்தனை வருடம் ஆன 4100 எம்ஏஎச் பேட்டரியை எந்த ரோமும் இளமையாக்காது. திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறதா, மேசையில் வைத்தால் போன் ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. முதலில் அதை மாற்றுங்கள். பிஎன்43 என்று கேட்டால் கடைகளில் தெரியும். சார்ஜ் 40 சதவீதம் காட்டும்போதே திடீரென அணைகிற போன் ரோம் ஏற்றும் வேலையின் பாதியில் நின்றுவிடலாம்; அப்படிப்பட்டதில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இரண்டாவது பாதுகாப்பு. "லேட்டஸ்ட் செக்யூரிட்டி பேட்ச்" என்று ரோமின் செட்டிங்ஸில் தேதி காட்டும். ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிக்கு அது உண்மை. மோடம், கிராஃபிக்ஸ், கைரேகை போன்றவற்றுக்கான மூடிய நிரல்கள் நிறுவனம் கடைசியாகக் கொடுத்த பழையவைதான். தன்னார்வலர்களால் அவற்றைத் திருத்த முடியாது. நூகட்டைவிட நிச்சயம் மேல், புதுப்போனுக்குச் சமம் இல்லை.

மூன்றாவது பணம் சம்பந்தப்பட்ட ஆப்கள். ரோம் போட பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று முடிவுசெய்யும் பூட்டை, திறந்தாக வேண்டும். திறந்த பூட்லோடர் உள்ள போன் போனில் யாரும் கைவைக்கவில்லையா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் முழு மதிப்பெண் வாங்காது. அதைக் கேட்கிற ஆப்கள் சில உள்ளேயே விடாது, சில உள்ளே விட்டுப் பணம் அனுப்பும்போது மறுக்கும், சில இன்று ஓடி அடுத்த அப்டேட்டில் நின்றுபோகும். இந்தச் சோதனையை ஏமாற்றும் துணைநிரல்கள் இருக்கின்றன. கூகுள் அவற்றை அடைக்க, அவற்றை எழுதுகிறவர்கள் வேறு ஓட்டை தேட, இந்த விளையாட்டு ஓயாது. உங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். காய்கறிக் கடையில் ஸ்கேன் செய்துவிட்டு நிற்கிற அம்மாவுக்கு இது வேண்டாம். யுபிஐ-க்கு ஒரு சாதாரண போன், மற்றதற்கெல்லாம் இது என்று பிரித்துக்கொண்டால் வம்பில்லை.

சரி, இதெல்லாம் சம்மதம் என்றால் வேலைக்கு வருவோம்.

ரெட்மி நோட் 4 என்ற பெயரில் இரண்டு வேறு போன்கள் உண்டு. 2016-ல் சீனாவில் வந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சில்லு கொண்டது, குறியீட்டுப் பெயர் நிகெல். இந்தியாவில் விற்றது ஸ்னாப்டிராகன், பெயர் மிடோ. சீனாவில் நோட் 4எக்ஸ் என்று வந்த ஸ்னாப்டிராகன் மாடலும் மிடோதான். செட்டிங்ஸில் "அபௌட் போன்" பக்கத்தில் பிராசஸர் வரியைப் பாருங்கள்: எட்டு கோர், 2.0 கிகாஹெர்ட்ஸ் என்றால் மிடோ. பத்து கோர் என்று இருந்தால் அது நிகெல், இந்தப் பதில் அதற்குப் பொருந்தாது. இந்திய பில் இருந்தால் கவலையில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்தது என்றால் அவசியம் பாருங்கள். இனி எதை டவுன்லோட் செய்தாலும் கோப்பின் பெயரில் மிடோ இருக்க வேண்டும்.

அடுத்து, திரும்பி வரும் வழி. எதையும் தொடுவதற்கு முன் இந்தப் போனுக்கான அதிகாரப்பூர்வ மியுஐ ஃபாஸ்ட்பூட் ரோமை (ஃபாஸ்ட்பூட் என்பது கணினியிலிருந்து கேபிள் வழியே போனில் எழுதும் நிலை) இறக்கி கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகை உண்டு: ஜிப் கோப்பாக வருவது ரெக்கவரி (போனுக்குள்ளேயே இருக்கும் மீட்புத் திரை) வழியாகப் போடுவது, டிஜிஇசட் என்று முடிவது ஃபாஸ்ட்பூட் வழியாகப் போடுவது. நமக்குத் தேவை இரண்டாவது. அதைப் பிரித்து, வட்டின் தொடக்கத்திலேயே இடைவெளி இல்லாத சின்னப் பெயருள்ள ஃபோல்டரில் வையுங்கள். அதைப் போனில் ஏற்றும் மிஃபிளாஷ் என்ற ஷாவ்மியின் மென்பொருள் நீளமான பாதையையும் இடைவெளியையும் கண்டால் முரண்டு பிடிக்கும்.

மிஃபிளாஷில் ஒரு பொறி இருக்கிறது. சாளரத்தின் கீழ் ஓரத்தில் மூன்று தேர்வுகள் சிறிய எழுத்தில் இருக்கும். "கிளீன் ஆல்", "சேவ் யூசர் டேட்டா", "கிளீன் ஆல் அண்ட் லாக்". தானாகவே தேர்வாகியிருப்பது மூன்றாவது. கவனிக்காமல் ஃபிளாஷ் பொத்தானை அழுத்தினால் ரோமோடு சேர்த்து பூட்லோடரையும் பூட்டிவிடும். இந்திய மிடோவில் சரியான மியுஐ என்றால் மீண்டும் திறக்க வேண்டிய அலுப்போடு போகும். சீன மாடலில் குளோபல் மியுஐ போட்டுப் பூட்டிவிட்டால், "இந்த மியுஐ பதிப்பு இந்தக் கருவியில் இயங்காது" என்கிற மாதிரி ஒரு வரியோடு நிற்கும் போன்களை நிறையப் பார்க்கலாம். எப்போதும் முதல் தேர்வுக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள். கஸ்டம் ரோம் இருக்கும்போது "பாதுகாப்புக்காக" பூட்லோடரைத் திரும்பப் பூட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தப் போனில் கூடாது.

போனிலிருந்து *#06# அழுத்தி இரண்டு ஐஎம்இஐ எண்களையும் (போனின் தனி அடையாள எண்கள்) எழுதிக்கொள்ளுங்கள். படங்கள், வாட்ஸ்அப் பேக்கப், காண்டாக்ட் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பூட்லோடர் அன்லாக் ஆகும்போதே உள்ளே இருப்பது முழுவதும் அழியும். ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு இருந்தால் பிற்பாடு பல தலைவலி தவிரும்.

அன்லாக் செய்ய ஷாவ்மியின் அனுமதி வேண்டும். "அபௌட் போன்" பக்கத்தில் மியுஐ பதிப்பை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்கி, "மி அன்லாக் ஸ்டேட்டஸ்" என்ற இடத்தில் உங்கள் மி கணக்கைப் போனோடு இணையுங்கள். இணைக்கும்போது வைஃபையை அணைத்து சிம்மின் டேட்டாவில் செய்ய வேண்டும். பிறகு போனை அணைத்து, வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்தினால், காதுமூடித் தொப்பி போட்ட முயல் ஆண்ட்ராய்டு பொம்மையை ரிப்பேர் செய்யும் படம் வரும். அதுதான் ஃபாஸ்ட்பூட். கேபிளை இணைத்து, விண்டோஸில் மி அன்லாக் மென்பொருளை ஓட்டினால் பெரும்பாலும் "இத்தனை மணி நேரம் கழித்து வா" என்று சொல்லும். 168 மணி, அதாவது ஒரு வாரம் என்று காட்டுவது சாதாரணம். அந்த வாரம் முழுக்கக் கணக்கிலிருந்து வெளியேறாதீர்கள், அன்லாக் ஸ்டேட்டஸ் பக்கத்தில் கணக்கைச் சேர்க்கும் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்க்காதீர்கள். கடிகாரம் முதலிலிருந்து தொடங்கிவிடும். காத்திருக்க முடியாமல் "உடனே அன்லாக்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மி கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்கவே வேண்டாம்.

கணினி போனைப் பார்க்கவில்லை என்றால் டிரைவரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றுங்கள். இந்தப் போனுக்கு மைக்ரோ யுஎஸ்பி. வீட்டில் கிடக்கும் பழைய கேபிள்களில் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது. அதன் பிறகும் வராவிட்டால் நீல நிற யுஎஸ்பி 3 துளையிலிருந்து கறுப்பு யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றிப் பாருங்கள். புதிய கணினிகளில் இது அடிக்கடி நடக்கிறது. யுஎஸ்பி 2 இல்லாத லேப்டாப்பில் நடுவே ஒரு மலிவான ஹப் வைத்தால் சரியாகிவிடும்.

அன்லாக் ஆனதும் ரெக்கவரி. டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். லினியேஜ் ஓஎஸ் போன்ற சில ரோம்கள் தங்கள் சொந்த ரெக்கவரியையே போடச் சொல்லும். ரோமின் பக்கத்தில் சொன்னதே கடைசிச் சொல். கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸில் உள்ள ஃபாஸ்ட்பூட் கட்டளையால் ரெக்கவரியை ஏற்றியதும், போனைச் சாதாரணமாக ஆன் செய்துவிடாதீர்கள். மியுஐ ஒருமுறை எழுந்தால் உங்கள் ரெக்கவரியை அழித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளும். "போட்டேன், காணோம்" என்கிற புலம்பல்களில் முக்கால்வாசி இதுதான். ஃபாஸ்ட்பூட் திரையிலிருந்தே வால்யூம் ஏற்றும் பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்து, மி சின்னம் வந்ததும் பவரை மட்டும் விட்டு, நேராக ரெக்கவரிக்குள் போய்விட வேண்டும்.

டிடபிள்யூஆர்பி பாஸ்வேர்டு கேட்டால் கேன்சல் கொடுங்கள். அடுத்து அது சிஸ்டத்தை மாற்ற அனுமதி கேட்கும். இப்போதைக்குப் படிக்க மட்டும் என்று விடுங்கள். நேரே பேக்கப் பக்கம் போய், இருப்பிடத்தை எஸ்டி கார்டுக்கு மாற்றி, பூட், சிஸ்டம், இஎஃப்எஸ், பட்டியலில் பெர்சிஸ்ட் இருந்தால் அதுவும் டிக் செய்து ஒரு நகல் எடுங்கள். இஎஃப்எஸ் சில மெகாபைட்தான். ஆனால் உங்கள் ஐஎம்இஐ-யும் நெட்வொர்க் அளவீடுகளும் அதில்தான் இருக்கின்றன. வேறொருவர் போனிலிருந்து எடுத்து ஒட்ட முடியாத ஒரே பொருள் அது. கார்டிலிருந்து கணினிக்கும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். அதோடு திரும்பும் வழி முழுமையாகிறது.

எந்த ரோம்? முதல் தடவை என்றால் லினியேஜ் ஓஎஸ், அல்லது அதைப் போலவே அலங்காரம் குறைந்த ஒன்று. இதன் முன்னோர் சயனோஜென்மாட். இந்தியாவில் அதைப் போட்டு விற்கும் உரிமை மைக்ரோமேக்ஸின் யு யுரேகா போனுக்கா, ஒன்பிளஸ் ஒன்னுக்கா என்று 2014 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனதே, அந்த சயனோஜென்தான். நிறுவனம் 2016 கடைசியில் கடையை மூட, தன்னார்வலர்கள் அதே நிரலை லினியேஜ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

பதிப்பு எண்ணைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இந்தப் போன் வந்தது 3.18 லினக்ஸ் கெர்னலோடு (வன்பொருளையும் ஆண்ட்ராய்டையும் இணைக்கும் அடிப்படை நிரல்). ஆண்ட்ராய்டு 12 வந்தபோது நெட்வொர்க் கணக்கு வைக்கும் முறையே மாறி, பழைய கெர்னல்கள் தடுமாறின. 12-ஓ அதற்கு மேற்பட்டதோ வேண்டுமென்றால் 4.9 கெர்னலில் கட்டியதாகப் பாருங்கள். 3 ஜிபி ரேமுக்கு என் சிபாரிசு ஆண்ட்ராய்டு 11 அல்லது 12. 2 ஜிபி மாடலில் கூகுள் ஆப்களையே போடாமல், எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையோடு ஓட்டினால் வியக்குமளவு இலகுவாக இருக்கும். கேமரா, புளூடூத், வோல்ட்இ (4ஜி வழியாகக் கால் பேசும் வசதி) மூன்றும் வேலை செய்வதாக ரோமின் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கூகுள் ஆப் தொகுப்பு தனியாக வரும். ரோமின் ஆண்ட்ராய்டு பதிப்போடு அது பொருந்த வேண்டும், ஆர்ம்64 (64-பிட் சில்லுக்கானது) வகையாக இருக்க வேண்டும். இருப்பதில் சின்னத் தொகுப்பே போதும். மீதியைப் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பத்து நிமிடம். ரோம், கூகுள் தொகுப்பு இரண்டு ஜிப்பையும் எஸ்டி கார்டில் போடுங்கள். டிடபிள்யூஆர்பியில் வைப் பகுதிக்குப் போய் "ஃபார்மட் டேட்டா" என்பதைத் தேர்ந்து, கேட்கும் இடத்தில் "யெஸ்" என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். மியுஐ உங்கள் சேமிப்பகத்தை என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறது. வெறுமனே "வைப்" செய்தால் அந்தப் பூட்டு போகாது, புது ரோம் உள்ளே நுழைய முடியாமல் லோகோவிலேயே நிற்கும். ஃபார்மட் ஆனதும் ரெக்கவரியை ஒருமுறை ரீபூட் செய்து, சிஸ்டம், டேட்டா, கேஷ், டால்விக் நான்கையும் துடைத்து, முதலில் ரோம், உடனே கூகுள் தொகுப்பு. நடுவில் போனை ஆன் செய்து "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஆசைப்படாதீர்கள். கூகுள் ஆப்கள் முதல் பூட்டுக்கு முன்பே உள்ளே போக வேண்டும். பிறகு ரீபூட். முதல் தடவை ஐந்து முதல் பதினைந்து நிமிடம் அசைவோடு லோகோ சுற்றும். இருபது நிமிடம் தாண்டினால் பவரை அழுத்திப் பிடித்து, ரெக்கவரிக்குப் போய், ஃபார்மட் டேட்டாவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஏற்றும்போது "எரர் 7" வந்தால் பதற வேண்டாம். ஜிப்பில் இருக்கும் சோதனை வரி, "இது எனக்கான போன் இல்லை, அல்லது அடிப்படை ஃபர்ம்வேர் (மோடம் போன்றவற்றின் மூடிய நிரல்) பழையது" என்று சொல்கிறது. கோப்பைத் திறந்து அந்தச் சோதனை வரியையே நீக்கிவிடுங்கள் என்று யூடியூபில் சொல்லித்தருகிறார்கள். செய்யாதீர்கள். தவறான கோப்பா, பழைய ரெக்கவரியா, ரோம் கேட்கிற ஃபர்ம்வேர் இல்லையா என்று பாருங்கள்; மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேறு ஷாவ்மி மாடல்களில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோ காலத்திலிருந்து பழைய மியுஐ-க்கு இறங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு வந்தது. அதை மீறி இறக்கினால் போன் எழாமல் இடிஎல் என்ற அவசரகால நிலைக்குப் போய்விடும், மீட்க ஷாவ்மி அங்கீகரித்த கணக்கு வேண்டும். மிடோவில் அந்த வம்பு இல்லை என்பது இதைச் சிபாரிசு செய்ய ஒரு காரணம்.

எழுந்ததும் வால்பேப்பர் மாற்றப் போகாமல் முதலில் *#06# அழுத்துங்கள். எழுதி வைத்த எண்கள் வர வேண்டும். பிறகு ஜியோ சிம் போட்டு ஒரு கால் செய்யுங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ வேலை செய்யாவிட்டால் டேட்டா ஓடும், கால் போகாது. மற்ற சிம்மில் கால் 2ஜிக்கு இறங்கிப் போய்விடுவதால் இந்தக் குறை தெரியாமலே இருக்கும், சோதனைக்கு ஜியோதான் சரி. போகவில்லை என்றால் செட்டிங்ஸில் வோல்ட்இ இயங்குகிறதா பாருங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் எடுத்து வைத்த இஎஃப்எஸ் பேக்கப்பை மீட்டெடுங்கள். அதற்கும் மசியவில்லையா, மியுஐ ஃபாஸ்ட்பூட் ரோமைப் போட்டு, அதில் கால் போகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப வாருங்கள்.

கடைசியாகக் கடைக்காரர். கையால் செய்யப் பயமாக இருந்தால் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். இஎஃப்எஸ் பேக்கப் எடுத்து என் பென்டிரைவில் தருவீர்களா? எந்த ரோம், எங்கிருந்து எடுக்கிறீர்கள்? இரண்டுக்கும் நேரான பதில் வந்தால் நல்ல கை. "அதெல்லாம் எதுக்கு சார், ஐஎம்இஐ போனா நாங்களே எழுதித் தர்றோம்" என்று பதில் வந்தால் போனை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஐஎம்இஐ-யை மாற்றி எழுதுவதைக் குற்றமாக்கும் விதிகள் 2017-லேயே இந்தியாவில் வந்துவிட்டன, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அவர் எழுதுகிற எண் யாருடையது என்பதும் உங்களுக்குத் தெரியாது.